அனைரின் பெவன்: சுரங்கம் தந்த நலவாழ்வு அமைச்சர்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பொருளியல் வகுப்பில் வந்து அமர்ந்த பிறகு அந்த மூதுரை எனக்குள் வேறொரு கேள்வியை எழுப்பியது. நலவாழ்வு ஒரு செல்வமானால், மற்றச் செல்வங்களைப் போல் அதையும் சந்தையில் விலை பேசி வாங்கலாமா? அரிசி விலை ஏறினால் கேழ்வரகுக்கு மாறலாம். துணி விலை ஏறினால் பழைய சட்டையை இன்னும் ஓராண்டு உடுத்தலாம். குடல்வால் வெடிக்கும் நிலையில் இருப்பவன் எதற்கு மாறுவான்? எந்த ஆண்டுக்குத் தள்ளி வைப்பான்?

மருத்துவர் குறைவு, படுக்கை குறைவு, மருந்து குறைவு என்றிருக்கும் உலகில் முதலில் யாருக்கு மருத்துவம் என்ற கேள்விக்கு விடை தேடியவர் பலர். அவர்களுள் ஒருவருடைய வாழ்க்கையை மட்டும் இங்கே எழுத விரும்புகிறேன். அவர் பொருளியல் பட்டம் பெற்றவர் அல்லர், மருத்துவரும் அல்லர். பதின்மூன்று வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். பெயர் அனைரின் பெவன்.

இருட்டில் தொடங்கிய வாழ்க்கை

வேல்ஸ் நாட்டின் தென்பகுதியில் டிரெடிகர் என்றொரு சிறு நகரம் உண்டு. நிலக்கரியையும் இரும்பையும் நம்பி வளர்ந்த ஊர் அது. அங்கே 1897-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் பெவன் பிறந்தார். தந்தை டேவிட் சுரங்கத் தொழிலாளி. தாய் ஃபீபி தையல் வேலை அறிந்தவர். பத்துக் குழந்தைகள் பிறந்த வீடு. எல்லாருமே பிழைத்து ஆளாகிவிடவில்லை. பெவனுக்கோ பேச்சு திக்கியது. பிற்காலத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மிகச் சிறந்த பேச்சாளர்களுள் ஒருவராக எண்ணப்பட்டவர் இளமையில் திக்குவாயர் என்பது நம்மில் மேடைக்கு அஞ்சுவோர் நினைவில் வைக்கத்தக்க செய்தி.

பள்ளிப் படிப்பு பதின்மூன்று வயதோடு முடிந்தது. பகலில் சுரங்கம், வேலை முடிந்தால் தொழிலாளர் மன்றத்து நூலகம். அந்த நூலகமே அவருக்குக் கல்லூரி. சுரங்கத்தின் மங்கலான வெளிச்சத்தில் உழைத்தோர் பலருக்கு வந்த நிஸ்டாக்மஸ் என்னும் கண்நோய் அவரையும் பற்றியது. கண்மணி ஓரிடத்தில் நில்லாமல் ஆடிக்கொண்டே இருக்கும் நோய் அது. 1919 முதல் 1921 வரை சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் உதவியால் இலண்டன் தொழிலாளர் கல்லூரியில் பயின்றார். ஊர் திரும்பியவருக்கு வேலை கிடைக்கவில்லை.

1925-இல் தந்தை இறந்தார். ஆண்டுக்கணக்கில் மூச்சோடு உள்ளே போன நிலக்கரித் தூசி நுரையீரலை அடைத்துவிட்டது. மகனின் கைகளிலேயே உயிர் பிரிந்தது. அந்நாளில் அந்த நோய் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இல்லாததால் குடும்பத்துக்கு இழப்பீடும் கிடைக்கவில்லை. எந்த நோய் பட்டியலில் இருக்கிறது, எது இல்லை என்று எங்கோ ஓர் அலுவலகத்தில் எழுதப்படும் வரி, ஒரு வீட்டின் அடுப்பு எரியுமா எரியாதா என்பதை முடிவு செய்கிறது. இதைப் பெவன் புத்தகத்தில் படித்து அறியவில்லை.

ஒரு பவுண்டுக்கு மூன்று பென்னி

டிரெடிகரில் 1890-ஆம் ஆண்டில் தொழிலாளர்களே தோற்றுவித்த மருத்துவ உதவிச் சங்கம் ஒன்று இருந்தது. ஈட்டும் கூலியில் ஒரு பவுண்டுக்கு மூன்று பென்னி சந்தா. அந்நாளில் ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. ஆகவே சந்தா கூலியில் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு. மிகுதியாகச் சம்பாதிப்பவன் மிகுதியாகக் கொடுப்பான். நோயாளியோ தனக்கு வேண்டிய அளவு பெறுவான். சங்கமே மருத்துவர்களையும் பல் மருத்துவரையும் சம்பளத்துக்கு அமர்த்தியது. காலப்போக்கில் ஊரின் 24,000 மக்களில் 22,800 பேர் இதன் நிழலில் வந்தனர். த சிட்டடல் என்னும் நாவலை 1937-இல் எழுதிய ஏ. ஜே. குரோனின் இந்தச் சங்கத்தில் மருத்துவராகப் பணியாற்றியவரே.

காப்பீட்டின் முழு இலக்கணமும் இந்தச் சிறிய ஊரில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நாளை யாருக்கு நோய் வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆயிரம் பேரில் ஏறத்தாழ எத்தனை பேருக்கு வரும் என்று மட்டும் கணக்கிட முடியும். தனி மனிதனின் அச்சம் கூட்டத்தில் கரைந்து ஒரு சிறு சந்தாவாகி விடுகிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நோயாளிகளோடு உடல்நலம் உள்ளவர்களும் கூட்டத்தில் இருந்தாக வேண்டும்.

1922-இல் ஊராட்சி மன்ற உறுப்பினரான பெவன், ஊர் மருத்துவமனையின் நிர்வாகக் குழுவிலும் இடம் பெற்றார். 1929-இல் எபு வேல் தொகுதியிலிருந்து தொழிற்கட்சி உறுப்பினராக நாடாளுமன்றம் சென்றார். இறக்கும் வரை அந்தத் தொகுதி அவரைக் கைவிடவில்லை. 1934-இல் அவர் மணந்த ஜென்னி லீயும் சுரங்கத் தொழிலாளியின் மகள். பிற்காலத்தில் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவாக உழைத்த அமைச்சர்.

காப்பீட்டுக்கு வெளியே நின்றவர்கள்

அரசு அதுவரை வாளா இருந்ததென்று சொல்ல முடியாது. லாயிட் ஜார்ஜ் 1911-இல் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டு வந்தார். வாரந்தோறும் தொழிலாளி நான்கு பென்னி, முதலாளி மூன்று பென்னி, அரசு இரண்டு பென்னி செலுத்தும் திட்டம் அது. தொழிலாளிக்கு மருத்துவர் கிடைத்தார். ஆனால் அவன் மனைவிக்குக் கிடைக்கவில்லை, குழந்தைக்குக் கிடைக்கவில்லை. பெரும்பாலான மருத்துவமனைச் சிகிச்சையும் திட்டத்தில் அடங்கவில்லை. நாட்டு மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளியே நின்றனர். வேலைக்குப் போகிறவனைப் பார்க்க வந்த மருத்துவரிடம், அதே அறையில் இருமிக்கொண்டிருந்த தாயைக் காட்டக் காசு இல்லாத வீடுகள் எத்தனையோ!

தனியார் காப்பீடு இந்த இடைவெளியை நிரப்பியிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை மருத்துவச் சந்தையின் இயல்பை ஆராய்கிறது. நோய் எப்போது வரும் என்பது தெரியாது. சிகிச்சை பலிக்குமா என்பதும் தெரியாது. மருத்துவருக்குத் தெரிந்தது நோயாளிக்குத் தெரியாது. நோயாளிக்குத் தன்னைப் பற்றித் தெரிந்ததோ காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரியாது. நோய் வரும் என அஞ்சுவோரே முதலில் வந்து சேருவர். அதனால் சந்தா ஏறும். சந்தா ஏற ஏற உடல்நலம் உள்ளோர் விலகுவர். அதனால் மேலும் ஏறும். முடிவில் யாருக்குக் காப்பீடு மிகவும் தேவையோ அவரால்தான் அதை வாங்க இயலாமற்போகும்.

பெவன் ஆரோவைப் படித்திருக்க முடியாது. அக்கட்டுரை வெளிவருமுன்னரே அவர் மறைந்துவிட்டார். ஆயினும் அவர் கண்ட தீர்வு இந்தச் சிக்கலின் ஆணிவேரையே தொட்டது. ஊரார் அனைவரும் ஒரே கூட்டத்தில் இருந்தால் விலகிப் போக யாருக்கும் வழியில்லை அல்லவா?

அமைச்சர் ஆனார்

போர்க் காலத்தில் சர்ச்சிலை அஞ்சாமல் கடிந்துரைத்தவர் பெவன். 1942 டிசம்பரில் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கை, போருக்குப் பின் அனைவருக்குமான மருத்துவப் பணி வேண்டும் என்ற எண்ணத்தை மக்களிடையே பரப்பியது. 1945-இல் தொழிற்கட்சி வென்றது. அட்லி தமது அமைச்சரவையில் 47 வயதுப் பெவனை நலவாழ்வு அமைச்சராக்கினார். அமைச்சரவையிலேயே வயதில் இளையவர் அவர்தாம்.

அவர் எடுத்த முதல் பெரிய முடிவு, செலவின் பெரும்பகுதியைச் சந்தாவிலிருந்து எடுக்காமல் பொது வரியிலிருந்து எடுப்பது. சந்தா கட்டியவனுக்கே சிகிச்சை என்றால் கட்டாதவனை வாசலில் நிறுத்த வேண்டும். கட்டிய அளவுக்கே சிகிச்சை என்றால் அறுவை மேசையில் கிடப்பவனின் கணக்கேட்டைப் புரட்ட வேண்டும். இரண்டும் வேண்டாம் என்றார். வரி அவரவர் வருவாய்க்கேற்ப. சிகிச்சை அவரவர் நோய்க்கேற்ப. டிரெடிகரின் மூன்று பென்னி நாடளவு விரிந்தது.

இரண்டாவது முடிவு மருத்துவமனைகளை நாட்டுடைமை ஆக்கியது. இங்கிலாந்திலும் வேல்சிலும் அறக்கொடையில் நடந்த மருத்துவமனைகள் 1,143. அவற்றில் சுமார் 90,000 படுக்கைகள். ஊராட்சிகள் நடத்தியவை 1,545. அவற்றில் சுமார் 3,90,000 படுக்கைகள். செல்வர் வாழும் ஊரில் நல்ல மருத்துவமனையும் ஏழைகள் வாழும் ஊரில் பழைய கட்டடமுமாக அவை சிதறிக் கிடந்தன. ஊராட்சிகளிடமே அவற்றை விட்டுவிட வேண்டும் என்று சக அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன் வாதாடினார். ஏழை ஊரின் வரி ஏழ்மையாகவே இருக்கும் என்பதைப் பெவன் அறிவார். அமைச்சரவை அவர் பக்கம் நின்றது.

மூன்றாவது முடிவு பலர் அறியாதது. அந்நாளில் ஒரு மருத்துவர் தம் தொழில் நடத்தும் இடத்தை, வாடிக்கை நோயாளிகளோடு சேர்த்து, இன்னொரு மருத்துவருக்கு விற்கலாம். வசதியுள்ள பகுதிகளில் விலை மிகுதி. ஆகவே மருத்துவர்களும் அங்கே மிகுதி. இந்த விற்பனையைச் சட்டம் ஒழித்தது. இழப்பீடாக 6 கோடியே 60 இலட்சம் பவுண்டு ஒதுக்கப்பட்டது. மருத்துவர்கள் ஏற்கெனவே நிறைந்துள்ள பகுதியில் புதியவர் அரசுப் பணிக்கு வந்து அமர்வதைத் தடுக்க ஒரு குழுவும் ஏற்பட்டது. பணத்தைப் பங்கிடுவது எளிது. மனிதரைப் பங்கிடுவது அரிது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மருத்துவர்களின் எதிர்ப்பு

சட்டம் 1946 நவம்பரில் நிறைவேறியது. மருத்துவர் சங்கமோ மல்லுக்கு நின்றது. அரசுச் சம்பளக்காரர்களாக்கி விடுவார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு. 1948 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் எதிராக 40,814 பேரும் ஆதரவாக 4,734 பேரும் வாக்களித்தனர். திட்டம் தொடங்க ஐந்தே மாதங்கள் இருந்தன!

பெவன் பிடிவாதக்காரர் என்பர். ஆனால் எங்கே வளைய வேண்டும் என்பதையும் அறிந்தவர். மருத்துவமனை வல்லுநர்கள் பகுதி நேரம் தனியாகத் தொழில் செய்யலாம் என்றும், அரசு மருத்துவமனையிலேயே கட்டணப் படுக்கைகள் சில இருக்கலாம் என்றும் இசைந்தார். குடும்ப மருத்துவர்களுக்கு முழுநேரச் சம்பள முறை வராது என்று சட்டத்திலேயே எழுத ஒப்புக்கொண்டார். பதிவு செய்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கேற்ப ஊதியம் தொடர்ந்தது. எதிர்ப்பு தளர்ந்தது.

கட்டணப் படுக்கைகளுக்கு இசைந்தது கொள்கைப் பிறழ்வு என்று குறை கூறுவோர் உண்டு. பணமுள்ளவன் வரிசையில் முந்த ஒரு சிறு கதவு திறந்தே இருந்தது உண்மைதான். ஆனால் மருத்துவரின்றி மருத்துவப் பணி இல்லை. அந்தச் சிறு கதவை அடைக்கப் பார்த்திருந்தால் பெருங்கதவு திறந்திருக்காது என்பது என் எண்ணம்.

1948 ஜூலை 5

அந்நாளில் தேசிய நலவாழ்வுப் பணி தொடங்கியது. மான்செஸ்டர் அருகிலுள்ள பார்க் மருத்துவமனையில் பெவன் தொடக்க விழாவில் கலந்துகொண்டார். பிறகு நடந்தது எவரும் எதிர்பாராதது. மாதத்துக்குச் சுமார் 70 இலட்சமாக இருந்த மருந்துச் சீட்டுகள் சில மாதங்களுக்குள் 1 கோடியே 30 இலட்சத்தைத் தாண்டின. முதல் ஆண்டிலேயே 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மூக்குக் கண்ணாடிகள் வழங்கப்பட்டன. பல் மருத்துவர்களை நாடியோர் 80 இலட்சத்துக்கும் மேல். மதிப்பிட்ட தொகை போதாமல் நாடாளுமன்றத்திடம் மேலும் மேலும் பணம் கேட்க வேண்டியதாயிற்று.

இலவசம் என்றதும் மக்கள் வாரிக்கொண்டார்கள் என்று சிலர் எள்ளினர். எனக்கு அந்தக் கணக்கு வேறு விதமாகத் தெரிகிறது. கண் மங்கியும், பல் சொத்தையாகியும் பல்லாண்டுகள் பொறுத்துக்கொண்டிருந்தவர்களின் எண்ணிக்கைதான் அது. தேவை புதிதாகப் பிறந்ததில்லை; அன்று கண்ணுக்குத் தெரிந்தது. ஆயினும் பழைய நோயெல்லாம் தீர்ந்ததும் செலவு குறைந்துவிடும் என்று அந்நாளில் பலர் நம்பினர். அந்த நம்பிக்கை பொய்த்தது. பிழைத்தவர் முதுமை அடைகிறார். முதுமைக்குத் தனி நோய்கள் உண்டு. புதிய மருந்துகள் புதிய செலவைக் கொண்டு வருகின்றன.

பற்றாக்குறை எவ்வளவு கொடியது என்பதற்கு அக்காலத்து ஒரு நிகழ்ச்சி போதும். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. டாலர் தட்டுப்பாட்டில் இருந்த பிரிட்டனால் 50 கிலோ அளவே வாங்க முடிந்தது. எல்லாருக்கும் போதாது. ஆகவே மருத்துவ ஆய்வுக் கழகம் 107 நோயாளிகளைக் குலுக்கல் போன்ற முறையில் இரு பிரிவாக்கியது. 55 பேருக்கு மருந்தும் ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதல் பிரிவில் 4 பேர் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 14 பேர். மருந்து பயன் தரும் என்பது இப்படி உறுதியாயிற்று. எண்களை எழுதிவிட்டுச் சற்று நேரம் பேனாவை மூடி வைத்தேன். அந்த 14 பேரை எண்ணாமல் எப்படி இருக்க முடியும்? ஆனால் இருந்த மருந்தைப் பணம் படைத்தோருக்கு விற்றிருந்தால் இறப்பு குறைந்திருக்கப் போவதில்லை, உண்மையும் தெரிந்திருக்காது.

இதே மருந்தைக் காசநோயுற்ற எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லுக்காக அவருடைய நண்பர்கள் 1948-இல் அமெரிக்காவிலிருந்து வரவழைத்தனர். அதற்குப் பெவனின் ஒப்புதலும் இருந்தது. ஆர்வெல் பெவனுக்கு அறிமுகமானவர். பெவன் ஆசிரியராக இருந்த இதழில் பணியாற்றியவர். மருந்து ஆர்வெல்லின் உடலுக்கு ஒவ்வவில்லை. மீதியை வேறு நோயாளிகளுக்குக் கொடுத்தனர். தெரிந்தவருக்குக் கதவு திறக்கிறது என்பது எவ்வளவு நல்ல மனிதர் ஆட்சியிலும் நேரக்கூடியது. வரிசைக்கு விதிகள் தேவைப்படுவது இதனால்தான்.

பதவியைத் துறந்தார்

1951-இல் கொரியப் போரை முன்னிட்டு மூன்றாண்டில் 470 கோடி பவுண்டு படைக்கலச் செலவு என்று அரசு முடிவு செய்தது. நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல் ஏப்ரல் மாத வரவு செலவுத் திட்டத்தில், கண்ணாடிக்கும் பல் தொகுதிக்கும் பாதி விலையை மக்களே தர வேண்டும் என்றார். அதனால் அந்த ஆண்டில் மிச்சமாவது 1 கோடியே 30 இலட்சம் பவுண்டு. அப்போது தொழிலாளர் துறைக்கு மாறியிருந்த பெவன், பதவி விலகினார். ஹெரால்டு வில்சனும் ஜான் ஃப்ரீமனும் உடன் விலகினர்.

இவ்வளவு சிறு தொகைக்காகவா என்று கேட்டவர்கள் உண்டு. கெய்ட்ஸ்கெல் பக்கமும் நியாயம் இருந்தது. வரம்பற்ற செலவை எந்தக் கருவூலமும் தாங்காது. பெவன் கண்டதோ கட்டணம் என்னும் கொள்கையின் முதல் படியை. 1952-இல் அடுத்த அரசு மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம் விதித்தது. படைக்கலத்துக்கு ஒதுக்கிய தொகையை அத்தனை விரைவாகச் செலவிட முடியாது என்பதையும் அந்த அரசே கண்டுகொண்டது.

செலவு கைமீறிவிட்டதா என்று ஆராய 1953-இல் அமைந்த கில்போ குழு, 1956-இல் அறிக்கை தந்தது. நாட்டு வருமானத்தில் நலவாழ்வுப் பணியின் பங்கு 1949-50-இல் மூன்றே முக்கால் விழுக்காடு. 1953-54-இல் மூன்றேகால் விழுக்காடு. பங்கு ஏறவில்லை, இறங்கியிருந்தது!

1959-இல் பெவன் கட்சியின் துணைத் தலைவரானார். அந்த ஆண்டின் இறுதியில் இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் அவருக்கு அறுவை நடந்தது. வயிற்றில் புற்றுநோய். 1960 ஜூலை 6-ஆம் நாள், தாம் தோற்றுவித்த பணியின் பன்னிரண்டாம் ஆண்டு நிறைவுக்கு மறுநாள், தமது 62-ஆம் வயதில் மறைந்தார்.

நமக்கு என்ன?

நேருவின் நண்பரான பெவன் செய்த வேலைக்கும் நம் நாட்டுக்கும் காலத்தால் நெருங்கிய உறவுண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியாரும் உறுப்பினராக இருந்த போர் குழு, பணம் தர இயலாமையால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்று 1946-இல் பரிந்துரைத்தது. நம் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும் 1948-இல்தான் பிறந்தது.

கட்டணம் இல்லையேல் வீண் நுகர்வு பெருகும் என்று நம் பாடநூல்கள் எச்சரிக்கின்றன. அமெரிக்காவில் 1970-களில் தொடங்கிய ராண்டு ஆய்வு இதைச் சோதித்தது. கட்டணம் விதித்தால் மக்கள் மருத்துவரை நாடுவது குறைகிறது என்பது மெய்தான். ஆனால் வேண்டாத சிகிச்சை மட்டும் குறையவில்லை. வேண்டிய சிகிச்சையும் அதே அளவில் குறைந்தது. ஏழைகளில் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இலவசச் சிகிச்சையே நன்மை தந்தது. எது வேண்டும், எது வேண்டாம் என்று நோயாளிக்குத் தெரிந்திருந்தால் அவர் மருத்துவரிடம் வருவானேன்?

அதற்காக, விலையை நீக்கினால் பற்றாக்குறையும் நீங்கிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. விலை போன இடத்தில் வரிசை வந்து நிற்கும். பெவனின் பணி தொடங்கியபோதே ஏறத்தாழ 5 இலட்சம் பேர் மருத்துவமனைப் படுக்கைக்குக் காத்திருந்தனர். 2023-இல் இங்கிலாந்தில் காத்திருப்புப் பட்டியல் 77 இலட்சத்தைத் தொட்டது. பாட்டியோடு அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்க நான் நின்ற நாள்களில் கவனித்திருக்கிறேன்: அன்றைய கூலியை இழந்து நிற்பவருக்கு அந்த வரிசையும் ஒரு விலைதான். 1999-இல் பிரிட்டன் ஒரு நிறுவனத்தையே ஏற்படுத்தி, ஒரு மருந்து எத்தனை நலமான ஆண்டுகளைத் தரும், அதற்கு என்ன செலவு என்று கணக்கிட்டு ஏற்கவும் மறுக்கவும் செய்கிறது. மறுக்கப்பட்டவர் வீட்டுக் கண்ணீரை எந்தக் கணக்கும் துடைக்காது. ஆனால் அந்தக் கணக்கு மறைவில் நடப்பதில்லை. யாரும் கேள்வி கேட்கலாம்.

பெவனிடமிருந்து நான் கற்றது இதுவே. பற்றாக்குறையை எவராலும் ஒழிக்க முடியாது. அதை யார் தலையில் சுமத்துவது என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். சந்தை அதைப் பணமில்லாதவன் தலையில் சுமத்துகிறது. பெவன் அதை நாட்டார் அனைவருக்கும் பகிர்ந்தளித்தார். பகிர்ந்த சுமை இலேசானது. நம் வகுப்புகளிலிருந்து நாளை அலுவலர்களாகவும், ஆசிரியர்களாகவும், சட்டமன்ற உறுப்பினர்களாகவும் பலர் போகக்கூடும். ஒரு பட்டியலில் எந்த நோயைச் சேர்ப்பது, எதை விடுவது என்று எழுதும் பேனா நம்மில் ஒருவர் கைக்கும் வரலாம். அப்போது டிரெடிகரில் மகனின் கைகளில் மூச்சுத் திணறி இறந்த அந்தச் சுரங்கத் தொழிலாளியை ஒரு கணம் நினைத்துக்கொண்டு எழுதுவோம்.